கூடாரம் வேண்டாத வேட்டைக்காரர்

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய பச்சை முகம்தான். இன்னும் விடியவில்லை. கனடாவில், மார்க்கம் நகருக்கு வடக்கே, பெருந்தெருவோரக் கோப்பிக் கடையொன்றில் அவர் வரிசையில் நிற்கிறார். நெற்றியிலிருந்து கழுத்துவரை பச்சையும் கறுப்புமாக மை. இலை அச்சடித்த சட்டை, இலை அச்சடித்த தொப்பி. அந்த மையைக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பூசினால் போதும். இவர் வீட்டுக் குளியலறையிலேயே, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி பார்த்துப் பூசிக்கொண்டு வந்திருந்தார். கோப்பி ஊற்றிய பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேட்டைக்கா போகிறீர்கள் என்று கேட்டபோது அந்த மைக்குள்ளும் அவர் முகம் மலர்ந்தது. வந்த காரியத்தில் பாதி அவருக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். வீடு விற்றுக்கொடுக்கும் முகவர். தன்னுடைய சந்தோசத்துக்கென்று அவர் ஒன்றைச் செய்து நான் கண்டதில்லை. எதற்கும் பார்க்க ஆள் வேண்டும். ஒரு கோடை முழுக்கச் சைக்கிள் ஓடினார், அடுத்த கோடை வைன் வகைகளைப் பற்றிப் பேசினார். பிறகு, வீடு வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தான் வில்லால் காட்டு வான்கோழி எய்வதாகச் சொல்லிவிட்டார். அந்த வசந்தமே அத்தானிடம் வில் வந்துவிட்டது.

காட்டு வான்கோழிக்குக் கண்தான் எல்லாம். நாம் கண்ணிமைப்பதைக்கூடக் கண்டுகொள்ளும். துப்பாக்கிக்காரனுக்கு ஒரு விரல் அசைந்தால் போதும். வில்லுக்கோ அது கிட்ட வரும்வரை இருந்து, அதன் கண்முன்னாலேயே முழுக் கையையும் பின்னுக்கு இழுக்கவேண்டும். அதனால் பெரும்பாலானோர் சிறிய துணிக்கூடாரமொன்றுக்குள் ஒளிந்திருந்து அதன் யன்னலால் எய்வார்கள். கூடாரமில்லாமலும் எய்யலாம். அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து, அசையாமல் இருக்கவேண்டும். சேவல் வாலை விரித்துத் திரும்பும்போது அதன் சிறகே அதன் பார்வையை மறைக்கும். அந்தக் கணத்தில் நாணை இழுக்கவேண்டும். அந்தக் கணம் வராவிட்டால் வெறுங்கையோடு வீடு திரும்பச் சம்மதிக்கவேண்டும். அப்படிச் சம்மதிப்பவர்களில் எனக்கு மதிப்பு உண்டு. அத்தான் அந்த வகை அல்ல. யாரோ கூடாரமில்லாமல் எய்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து, புதிதாக வாங்கிய கூடாரத்தைக் கராஜுக்குள் எறிந்துவிட்டு, போகிற விருந்தெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்: "கூடாரத்துக்குள்ள குந்தியிருந்து எய்யிறதும் ஒரு வேட்டையே? உது பயந்தாங்கொள்ளியளின்ர வேலை."

என்னை அவர் கூட்டிப்போனது துணைக்கல்ல, படம் பிடிக்க. பண்ணைக்காரர் ஒரு முதியவர். தன் காட்டில் எய்ய அனுமதி தந்தபோது ஒன்றுதான் கேட்டிருந்தார். காயப்படுத்தினால் தேடிப் பிடிக்கவேண்டும், அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடாது. அத்தான் பெரிதாகத் தலையாட்டினார்.

நாங்கள் ஒரு மேப்பிள் மரத்தடியில் இருந்தோம். நான் அவருக்குச் சற்றுப் பின்னால், கைபேசியோடு. முன்னால், சேவலைக் கவர, பிளாஸ்ரிக் வான்கோழிப் பேடு ஒன்றை நட்டிருந்தார். பேட்டைப் போலக் குரல் எழுப்பும் சின்ன மரப்பெட்டியை ஓயாமல் தேய்த்தார். குளிருது என்று காலை மாற்றினார். தன் முகம் வடிவாக விழுகிறதா என்று திரும்பிப் பார்த்துக் கேட்டார். அவ்வளவுக்கும் பிறகு ஒரு சேவல் வந்தது என்றால் அது அந்தச் சேவலின் கெட்ட காலம். வெயில் பட்டுச் செம்பும் பச்சையுமாக மின்னியபடி, வாலை விரித்து, நிலத்தில் சிறகு உரச, அது அந்தப் பிளாஸ்ரிக்கை நோக்கி நடந்து வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அது தானாகத் திரும்பியிருக்கும். அத்தான் பொறுக்கவில்லை. அது நேரே பார்த்துக்கொண்டிருக்கும்போதே வில்லை உயர்த்தினார். சேவல் கழுத்தை நீட்டிற்று, திரும்பி ஓடத் தொடங்கிற்று. அப்போதாவது விட்டிருக்கலாம். ஓடுகிற பறவையின் பின்னால் அம்பை விட்டார். இடுப்புப் பக்கம் பட்டு இறகுகள் பறந்தன. சேவல் ஒரு காலை இழுத்து இழுத்துச் சேற்று நிலத்து ஊசியிலை மரங்களுக்குள் மறைந்தது.

"பட்டிட்டுது அத்தான், வாங்கோ தேடுவம்" என்றேன்.

அவர் அந்தச் சேற்றைப் பார்த்தார். பிறகு தன் புதுச் சப்பாத்தைப் பார்த்தார். "விடு தம்பி. நரி தின்னட்டும். பத்து மணிக்கு வீடு பார்க்க ஆக்கள் வருகினம்."

பண்ணை வாசலில் முதியவர் என்ன நடந்தது என்று கேட்டார். அத்தான் கார்க் கண்ணாடியை இறக்கி, ஒன்றும் படவில்லை, சுத்தமாகத் தவறிவிட்டது என்று சொன்னார். நான் மறுபக்கத்தால் இறங்கி, பட்டது, எங்கே போனது என்று எனக்குத் தெரியும் என்றேன். முதியவர் அத்தானை ஏறிட்டும் பார்க்கவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். முழங்கால் சேற்றில் நெடுநேரம் தேடினோம். விழுந்து கிடந்த மரமொன்றின் கீழ் அது உயிரோடு தலையை மண்ணில் வைத்துக் கிடந்தது. என்னைக் கண்டும் எழும்ப முயலவில்லை. முதியவர் குனிந்து அதன் கழுத்தை ஒரே திருகில் முடித்தார். கொண்டுபோய்க் காருக்கு முன்னால் போட்டு, உன்னுடையது, உன் வேட்டை அனுமதியோடு தந்த அடையாளப் பட்டியை அதன் காலில் கட்டு, இனி இந்தப் பக்கம் வராதே என்று சொன்னார்.

எனக்கு அத்தான் மேல் இருந்த வெறுப்பு அருவருப்பாக மாறியது அதற்குப் பிறகுதான். முதியவரின் தலை மறைந்ததும் அத்தான் காரைவிட்டு இறங்கினார். செத்த பறவையின் வாலை விரித்துப் பிடித்தார், முழங்காலில் நின்றார், பல்லைக் காட்டினார். "எடு, எடு, பின்னால காடு தெரியிறமாதிரி எடு." நான் எடுக்கவில்லை. அவர் தானே எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவருடைய வீட்டில் விருந்து. வான்கோழிக் கறி, அந்தப் படம், அந்தக் கதை. "கூடாரமும் இல்லை, ஒண்டும் இல்லை. நேருக்கு நேர். ஒரே அம்பு!" அன்ரிமார் வியந்தார்கள், அங்கிள் ஒருவர் எழும்பிக் கைகொடுத்தார். அக்கா குசினிக்குள் என்னிடம் கையை நீட்டினாள். "நீ காட்டில எடுத்த வீடியோவைக் காட்டு." காட்டினேன். 'நரி தின்னட்டும்' என்ற குரல்வரை பார்த்தாள். மிச்சத்தை நான் சொன்னேன். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அங்கை போய்த்தான் உனக்கு இது தெரிஞ்சதே?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு சோற்றுத் தட்டத்தோடு வெளியே போனாள். மேசையில் அதை வைத்துவிட்டு, உப்புக் காணுமோ என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்: "தேடிப் பிடிச்சது தம்பியும் பண்ணைக்காரரும். இவர் காருக்குள்ள இருந்தவர்."

"அவவுக்கு வேட்டையைப் பற்றி என்ன விளங்கும்" என்று அத்தான் சிரித்தார். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லை. கைகொடுத்த அங்கிள் தன் தட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் புறப்பட்டபோது அக்கா கார்வரை வந்தாள். "நாளைக்கு வேலை முடிய வாறியே? எனக்குக் கார் ஓடப் பழக்கிவிடு." இத்தனை வருசமும், உமக்கு றோட்டில நிதானம் வராது என்று சொல்லியே அத்தான் அவளை வீட்டில் வைத்திருந்தார். மார்க்கத்தில் கார் இல்லாதவள் பாலுக்கும் புருசனைக் கேட்கவேண்டும். அந்தக் கோடை முழுக்க, கடைகள் பூட்டிய பிளாசா ஒன்றின் தரிப்பிடத்தில் அவளைப் பழக்கினேன். இப்போது தொலைவிலுள்ள மிசிசாகா நகரில் வேலை. பெருந்தெருவில் பாரவண்டிகளுக்கு நடுவே தினமும் போய் வருகிறாள்.

போன மாதம் அத்தானின் கார் திருத்தக் கொடுத்திருந்ததால் மூவரும் அக்காவின் காரில் ஒரு கலியாணத்துக்குப் போனோம். பின் இருக்கையிலிருந்து பார்த்தேன். அத்தானின் வலக்கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. "மெதுவா, மெதுவா. லொறி வருது, லொறி வருது!"

அக்கா றேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, அந்த லொறியை முந்திப் போனாள்.