அடியில் பாடும் குரல்

நான் வேலை செய்யும் பிரிண்டிங் பட்டறை வேலம்பாளையத்தில் இருக்கிறது. பனியன் துணியில் படம் அச்சடிப்பது எங்கள் தொழில். போன வருஷம் வந்த ஒரு வெளிநாட்டு ஆர்டரில், நெஞ்சுப் பக்கம் பெரிதாக ஒரு பழைய பாட்டுக் குழுவின் படம். தோள்வரை முடி வளர்த்த இரண்டு ஆண்கள், பூப்போட்ட நீள அங்கியில் இரண்டு பெண்கள், கையில் கிதார்.

"யாருங்க இவங்க, சாமியாருங்களா?" என்று ஆர்டர் கொண்டுவந்த மெர்ச்சண்டைசர் தம்பியிடம் கேட்டேன்.

"ஹிப்பிங்கண்ணா. சண்டை வேண்டாம்னு பாடிட்டுத் திரிஞ்சவங்க. எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடி. இன்னும் இவங்க படம் போட்ட சட்டைக்கு அங்க அடிச்சுக்கறாங்க" என்று சிரித்தவர், ஒரு பாட்டையும் போனில் அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து நானும் மனைவியும் வெங்காயம் உரிக்கும்போது அதைப் போட்டுவிட்டேன்.

முன்பெல்லாம் சர்ச் பாடகர் குழுவில் என் மனைவியின் குரல்தான் உச்சிக்குப் போகும். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உடம்பு தேறிவிட்டது, குரல் மட்டும் தடித்து இறங்கிப்போனது. மேலே ஏறினால் உடைந்தது. "சரியானதும் வாங்கக்கா" என்றார்கள் குழுவில். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைக்க ஆரம்பித்தாள். வீட்டில் முணுமுணுப்பதுகூட நின்றுபோனது.

போனில் நாலு பேரும் சேர்ந்து பாடினார்கள். வார்த்தை எதுவும் எங்களுக்குப் புரியவில்லை. பாதியில் அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, திரும்பப் போடுங்க."

போட்டேன்.

"அடியில ஒரு பொம்பளை பாடறா, கேக்குதுங்களா?"

எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் இருந்தது. அவள் அந்தக் குரலைப் பிடித்து "ம்ம்" என்று மெல்ல இழுத்தாள். அப்போதுதான் கேட்டது. மற்ற மூவரும் மேலே போகப் போக, அந்தப் பெண் கீழேயே நின்று அவர்களைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"அவ கொரலே அப்படித்தானுங்க. அதுக்குன்னு ஒரு எடம் வெச்சிருக்காங்க பாருங்க" என்றாள். வெகுநேரம் வெங்காயத்தைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் சமைக்கும்போது அந்தப் பாட்டுதான். ஒருநாள் அவளே கொயர் மாஸ்டரிடம் போய் நின்றாள்.

"மேல பாட வரலீங்க. கீழ பாடட்டுங்களா?"

"நம்ம குழுவுல எல்லாரும் ஒரே மாதிரித்தானுங்களே பாடறோம்" என்று அவர் தயங்கினார்.

"தெரியுமுங்க. ஒருக்கா கேட்டுப் பாருங்க."

பெண் பிள்ளைகள் வழக்கம்போலப் பாட, இவள் அடியில் சேர்ந்தாள். முடிந்ததும் அவர், "இன்னொருக்கா பாடுங்க" என்றார்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் முன்வரிசைக்குத் திரும்பினாள். ஓரிடத்தில் குரல் உடைந்தது. அவள் அந்த வரியை விட்டுவிட்டு, அடுத்த வரியில் நிதானமாகச் சேர்ந்துகொண்டாள்.

எங்கேயோ யாரோ அந்தக் காலத்தில் பாடியது இன்னும் ஏன் ஓடுகிறது என்று எனக்கு விளக்கத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

இப்போது வீட்டில் அவள் பாடிப் பழக, மேல்குரலுக்கு வேறு ஆள் இல்லாததால் நான்தான் பாடுகிறேன். என் குரல் பட்டறை மெஷினோடு கத்திக் கத்திக் கெட்டது. பாதியில் கூச்சப்பட்டு நிறுத்தினால் அவள் விடுவதில்லை.

"தப்பாப் பாடினாலும் நிறுத்தாதீங்க. நான் கீழ இருக்கறனுங்கல்ல."