பிங்க் கலர் ரசம்

உங்கள் அம்மா தன் தங்கையின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்த மாதம் அது. ஆகுர்டி ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது உப்புமா பாக்கெட் வாங்கி வருவேன். வெந்நீர் ஊற்றினால் சாப்பாடு தயார். அதைக் குறை சொல்ல மாட்டேன். நம் பசியை அடக்கியது அதுதான்.

ஆனால் சின்னவளே, காய்ச்சல் விட்ட அன்று நீ அதைத் தொடவே இல்லை. இரண்டு வேளை வெறும் வயிறு. எனக்குப் பயம் வந்துவிட்டது. ரசம் வைக்கலாம் என்றால் வீட்டில் புளி இல்லை. எதிர்வீட்டு மராத்தி அக்கா, புளிக்குப் பதில் அவர்கள் போடும் காய்ந்த கோகம் தோலை ஒரு கிண்ணம் நிறையத் தந்தார். அளவு தெரியாமல் மொத்தத்தையும் போட்டுவிட்டேன்.

"என்னப்பா, ரசம் பிங்க் கலர்ல இருக்கு! பெயின்ட் ஊத்திட்டியா?" என்றான் உன் அண்ணன்.

நீ சிரித்துவிட்டாய். ஒரு வாய் வாங்கி முகத்தைச் சுளித்தாய். "ரொம்பப் புளிக்குதுப்பா. இன்னும் கொஞ்சம் ஊத்து."

தட்டு காலியானது. வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தர மனம் வராமல், மீதி ரசத்தை ஊற்றி எடுத்துப் போனேன். அக்கா குடித்துப் பார்த்து, அது ஒரு வாரத்துக்கான கோகம் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். பிறகு அதே கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கோகம் போட்டுத் தந்தார்.