செக்கர் கொடுக்காத ரத்தம்

செக்கருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. பேருந்து டிப்போவில் அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஓடுகிற பேருந்தில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பது வேலை. அந்த வேலையே பெயராகி வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவிகூட அக்கம்பக்கத்தில் "செக்கர் தூங்குறாரு" என்றுதான் சொல்வாள்.

தன் நிழலையே நம்பாத மனிதர். காய்கறிக்காரரின் தராசு, பக்கத்து வீட்டுக்காரரின் இருமல், மழை வரும் என்று சொல்லும் வானொலி, எல்லாவற்றிலும் ஏதோ உள்நோக்கம் இருப்பதாகவே அவருக்குப் படும். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தூங்குவதுபோல் நடிப்பவர்களையும் அண்ணனின் பாஸில் பயணம் போகும் தம்பிகளையும் பிடித்துப் பிடித்தே வயதானவர். "போட்டோவுல முகத்தப் பாக்காத, காதப் பாரு" என்று புதிதாக வரும் செக்கர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். முகம் ஊதும், வற்றும், காது மாறாது.

அதனால், நாற்பது வயதைத் தாண்டிய ஊழியர்களுக்கு இதயப் பரிசோதனை இலவசம் என்று டிப்போ வாசலில் பலகை வைத்த அன்றே அவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்" என்றார், டீக்கடையில் பக்கத்தில் நின்ற டிரைவரிடம். "நம்ம நெஞ்சு மேல இவங்களுக்கு என்ன திடீர் அக்கறை? யாருக்கு பிரஷர், யாருக்கு சர்க்கரைன்னு தெரிஞ்சுக்கிட்டு ஓரங்கட்டத்தான்."

டிரைவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். "எனக்கென்ன பயம்? நெஞ்சு வலி தொப்பை இருக்கறவனுக்கும் பணம் இருக்கறவனுக்கும்தான் வரும். என்கிட்ட ரெண்டும் இல்ல. உங்ககிட்டதான் ஒண்ணு இருக்கு."

செக்கர் குனிந்து பார்த்தார். இருந்தது. பெல்ட்டின் கொக்கியை அவர் நேரில் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டால் பேருந்திலிருந்து இறக்கி ஆபீஸில் உட்கார வைத்துவிடுவார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து காகிதம் அடுக்குவதை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது.

அன்று மாலை மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. செக்கர் வீட்டு மாடி அறையில் தனியாக இருக்கிறான். லிப்ட் இல்லாத அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் கேன் சுமந்து ஏற்றுவது வேலை. ஈர்க்குச்சி உடம்பு. கையில் சிகரெட் இல்லாமல் அவனைப் பார்ப்பது அரிது, ஆனால் "உழைக்கிற உடம்பு, எல்லாம் எரிஞ்சு போயிடும்" என்று அதற்கும் சமாதானம் வைத்திருந்தான்.

"மாப்ள, நாளைக்கு வெறும் வயித்தோட எனக்குப் பதிலா டிப்போவுக்குப் போயிட்டு வா."

"எதுக்கு மாமா?"

"உன் உடம்புல ஒண்ணும் இல்லல்ல? அந்த ஒண்ணும் இல்லாதது என் பேர்ல இருக்கட்டும்."

அடையாள அட்டையில் இருந்த போட்டோ செக்கர் வேலைக்குச் சேர்ந்த காலத்தது. அதிலே அவரும் ஈர்க்குச்சிதான், மீசையும் மச்சான் மீசைதான். பேருந்தில் யாராவது இதைச் செய்திருந்தால் மானத்தை வாங்கி நடுரோட்டில் இறக்கிவிட்டிருப்பார். தனக்கென்று வந்தபோது அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

மச்சான் போய்விட்டு வந்தான். ரத்தம் எடுத்தார்களாம், பிரஷர் பார்த்தார்களாம், ஏதேதோ கேட்டார்களாம்.

"நீ என்ன சொன்ன?"

"என்னமோ சொன்னேன் மாமா" என்று மாடிக்குப் போய்விட்டான். அந்தப் பதில் செக்கருக்குப் பிடிக்கவில்லை. என்றாலும் காரியம் முடிந்த நிம்மதியில் விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். பிரஷர் தாறுமாறாக இருக்கிறது, கொழுப்பும் அதிகம், உடனே வர வேண்டும் என்றாள்.

செக்கருக்குப் பயம் வரவில்லை, குஷி வந்தது. மச்சானுக்குக் கொழுப்பா? அவன் உடம்பில் எலும்புக்கே இடம் போதவில்லை. ஆக, யார் யாரை ஓரங்கட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். சதி கையும் களவுமாகச் சிக்கிவிட்டது. ஆனால் வெளியே சொன்னால் ஆள் மாறாட்டமும் கூடவே வெளிவரும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். சரி, நேரில் போய் அந்த நர்ஸின் வாயைக் கிளறுவோம் என்று கிளம்பினார்.

நர்ஸ் ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தாள். "உக்காருங்க. படி ஏறிட்டா வந்தீங்க? வலி இருந்துச்சா?"

"என்ன வலி?"

"அன்னைக்குச் சொன்னீங்களே. படி ஏறினா நெஞ்ச அழுத்துது, தாடை வரைக்கும் வலிக்குது, கொஞ்சம் நின்னா போயிடுதுன்னு. நூறு பேரப் பாத்ததுல முகம் ஞாபகம் இல்ல. ஆனா இந்த வலிய வீட்டுல சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினது நீங்க ஒருத்தர்தான். உங்க அப்பாவும் நாப்பத்தெட்டு வயசுல தூக்கத்துல போயிட்டாருன்னீங்க."

செக்கரின் அப்பா எண்பதைத் தாண்டி, தம்பி வீட்டில் தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். நாற்பத்தெட்டில் தூக்கத்திலேயே போனவர் மாமனார். யாரையும் படுத்தாமல் போன புண்ணியவான் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். செக்கரும் தலையாட்டினார். ஊரையே சந்தேகப்பட்டவர் அந்தச் சாவை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

"சிஸ்டர், அது நான் இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ரத்தம் மாறிப்போச்சும்பாங்க, மிஷின் கோளாறும்பாங்க."

"நெஜமாவே நான் இல்லம்மா."

அவள் பார்த்த பார்வை செக்கருக்குத் தெரிந்த பார்வை. டிக்கெட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்கிறவர்களை அவர் அப்படித்தான் பார்ப்பார். வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடித்து நீட்டினார். "இந்தக் கையிலயா ரத்தம் எடுத்தீங்க?"

நர்ஸ் அந்தப் பருத்த கையைத் தொட்டு நரம்பு தேடினாள். அவள் முகம் மாறியது. "அது கயிறு மாதிரி நரம்பு தெரிஞ்ச கை. அந்த ஆள் எங்க?"

"என் மச்சான். ஒல்லியான ஆளும்மா அவன்."

"ஒல்லின்னு ரத்தக்குழாய்க்குத் தெரியுமா? அப்பா சின்ன வயசுல போயிருக்காரு. சிகரெட் வேற, பிரஷர் வேற. உடனே கூட்டிட்டு வாங்க. அவருக்குக் கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களையும். ஆள் மாறினத நான் டிப்போவுக்குச் சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லிக்கோங்க" என்றார் செக்கர். வாசலுக்கு வருவதற்குள் மச்சானுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நேரே மச்சான் வேலை பார்க்கும் தண்ணீர் கேன் கடைக்குப் போய், எந்தக் கட்டிடம் என்று கேட்டுக்கொண்டு ஓடினார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் மச்சான் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து நின்றிருந்தான். அவரைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னார். மச்சானின் சிரிப்பு நின்றது.

"மாமா, பேரு உங்க பேரு. அட்டை உங்க அட்டை. வியாதி மட்டும் எனக்கா? டிப்போவுல மாட்டிக்கிட்டீங்க, அதான் என் தலையில கட்டப் பாக்குறீங்க."

செக்கருக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் இடத்தில் தான் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார், ஒரு எழுத்து குறையாமல்.

"தாடை வரைக்கும் வலிக்குதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட யாருடா சொன்னது? நானா?"

மச்சான் கேனின் மூடியைத் திருகினான். "வெளிய சொல்ல மாட்டேன்னாங்களே" என்றான். "இந்த வேலைய விட்டா எனக்கு வேற என்ன மாமா தெரியும்?"

செக்கர் அவன் தோளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிக் கூட்டிப்போனார். கேன் படியிலேயே கிடந்தது.

மச்சானின் இதயத்தில் இரண்டு ரத்தக்குழாய்களில் அடைப்பு. இன்னும் சில நாள் சுமந்திருந்தால் அந்தப் படியிலேயே விழுந்திருப்பான் என்று டாக்டர் சொல்லிவிட்டு உள்ளே போனார். வெளியே பெஞ்சில் செக்கரும் மனைவியும். கூடப் பிறந்தவள் என்று அவளுக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள், அந்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"என்னங்க, அவன் யார்கிட்டயும் வாயத் திறக்காதவன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கேள்வி கேட்டே பழகிய மனிதர் பதில் சொல்லத் திணறினார். பிறகு அட்டையிலிருந்து ஆரம்பித்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"நீங்க ஏமாத்தாம இருந்திருந்தா என் தம்பி செத்திருப்பான். இதுக்கு உங்களக் கும்புடவா, அடிக்கவா?"

செக்கர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"போங்க" என்றாள், ரத்தம் எடுக்கும் அறையைக் காட்டி. "உங்க ரத்தத்த இப்பவாவது நீங்களே குடுங்க."

அவர் எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டே போனார்.