பெட்ஷீட்டின் அந்த முனை

விளையாட்டு வாத்தியாருக்கு நான் நேற்றுவரை ஐந்நூறு பாக்கி. வெள்ளிக்கிழமைதோறும் கைப்பந்து அணியின் சட்டைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு என் சலவைக் கடைக்கு வருவார். ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, டாக்டர் சீட்டு எழுதுவதுபோலச் சொல்வார்: “நாலாம் நம்பர் விழுந்துட்டா, தோள்ல ரத்தம். ஒம்பதாம் நம்பர் பயந்தா காலரக் கடிப்பா, அங்க நல்லாத் தேய்ங்க.” ஒன்பதாம் நம்பர் என் பேத்தி. அவள் காலர் கடிப்பது எனக்குத் தெரியாது.

போன வாரக் கூலியைச் சில்லறை பிசகாமல் வைப்பார். ஐந்நூறைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். கேட்டுத் தொலைத்தாலாவது நான் சண்டைக்குப் போகலாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பதினோரு வயதில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி ஊதினேன். இன்று மூன்று இயந்திரம், நான்கு ஆட்கள், இரண்டு ஓட்டல்களின் துணி. வளர்கிற பிள்ளையை நிமிர்த்துவது வேலைதான் என்பதற்கு என்னைவிட வேறு சாட்சி வேண்டாம். பேத்தியும் பள்ளி விட்டதும் கடைக்கு வந்துகொண்டிருந்தாள். பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் அவள், மறுமுனையில் நான். மடிப்புக்கு மடிப்பு நெருங்கி வரும்போது வகுப்புக் கதையெல்லாம் சொல்வாள்.

அந்தச் சாயங்காலங்களைத்தான் இந்த மனிதர் பந்துப் பயிற்சிக்கென்று கேட்டு வந்தார்.

“பந்து சோறு போடுமா வாத்தியாரே?”

“எனக்குப் போட்டிருக்கே ஐயா” என்று தொந்தியைத் தட்டிக் காட்டினார்.

“விளையாடப் போனவ வேலைக்கு ஆகமாட்டா.”

“ஆறு மாசம் பாப்போம். சாயங்காலம் எனக்கு விடுங்க, ஞாயித்துக்கிழமை கடை வேலைக்கு வரட்டும். ஒரு ஞாயிறு வராமப் போனாலும், ஒரு மாசம் நான் வந்து இஸ்திரி போடறேன். தவறாம வந்துட்டா எனக்கு ஐநூறு குடுங்க.”

ஒரு ஞாயிறும் அவள் தவறவில்லை. கடைசி ஞாயிறன்று இறுதிப் போட்டி. நான் ஓட்டல்காரரிடம் நாற்பது பெட்ஷீட் கூடுதலாகக் கேட்டு வாங்கி வைத்தேன். பந்தை விட்டால் பேத்தி எனக்கு, கடையை விட்டால் பந்தயம் எனக்கு.

விடியற்காலையில் ஷட்டர் சத்தம் கேட்டு மாடிப்படியில் இறங்கியவன் பாதியிலேயே நின்றுவிட்டேன். ஒரு முனையில் அவள். மறுமுனையில், கழுத்தில் விசிலோடு அவர்.

“சார், மூலைய மூலையோட சேருங்க. போத்திக்கிட்டுத் தூங்கப் போறீங்களா?”

“திட்டாதம்மா, மறுபடி மடிக்கிறேன்.”

சொன்னபடியே பிரித்து மறுபடி மடித்தார். அவள் சிரித்தாள். நாற்பதும் முடிந்து, எட்டு மணிக்கு இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். அன்று அவர்கள் அணி தோற்றது. அதையும் வாத்தியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

“நீங்க கை குடுத்தீங்க. பந்தயம் செல்லாது” என்று அன்றே சொல்லிவிட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மூன்று மாதம் போயிற்று. எவனிடமும் கடன் வைக்காத நான், வெள்ளிக்கிழமை என்றாலே அந்தச் சாக்கு வருகிறதா என்று தெருவை எட்டி எட்டிப் பார்த்தேன்.

நேற்று பயிற்சி முடிந்து பேத்தியோடு வந்தார். நானே பேச்சை எடுத்தேன். “அந்த ஐநூறு...”

“யோசிச்சுப் பாத்தேன் ஐயா. நான் கை குடுத்தது தப்புதான். தோத்ததா வச்சுக்குங்க. நாளன்னிக்கு ஞாயிறு. அன்னையிலேருந்து ஒரு மாசம் வரேன்.” விசிலைக் கழற்றி என் சட்டை மாட்டும் ஆணியில் மாட்டி, கனம் கைக்குத் தாங்குமா என்று பார்ப்பவர்போல இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

“பெட்ஷீட்டுக்கு நீங்க அந்தப் பக்கம் சார்” என்று பேத்தி ஓடிவந்து மேசையில் நான் நிற்கும் பக்கத்தை அவருக்கு ஒதுக்கினாள்.

நான் கல்லாவை இழுத்தேன்.

“கைய நீட்டுங்க வாத்தியாரே.”

மைதானத்தில் கோடு போட்ட சுண்ணாம்பு இன்னும் அந்த உள்ளங்கையில் இருந்தது. அதன்மேல் ஒவ்வொரு தாளாக அழுத்தி வைத்தேன், ஐந்நூறு வரைக்கும், அவள் காதில் விழும்படி எண்ணிக்கொண்டே.