கடல் திருப்பித் தந்த விரல்

பருத்தித்துறையில் கலியாண வீடியோக்களை எடுத்து, வெட்டித் தொகுத்துக் கொடுப்பவர் உதயகலா. பத்தொன்பது வருடமாக அதுதான் தொழில். ஒரு முகம் எப்படிச் சிரிக்கத் தொடங்கும், எந்தக் கண் முதலில் சுருங்கும் என்பதெல்லாம் அவருக்கு இரண்டு நாள் பார்த்தாலே பிடிபட்டுவிடும். போன வருடம் உடுப்பிட்டிப் பிள்ளை ஒருத்தியின் முகத்தை ஒட்டி யாரோ அசிங்கமான வீடியோ பரப்பினார்கள். தலை திரும்பும் இடத்தில் தோடு காதோடு கரைந்து போவதைக் காட்டி, அது பொய்யென்று நிறுவியவர் இவர்தான். அதற்குப் பிறகு சந்தேகமான வீடியோ என்றால் ஆட்கள் இவரிடம் வந்தார்கள்.

மாசி மாதம் ஒரு காலை, மீனாம்பிகை ஸ்டூடியோவுக்கு வந்தார். அவருடைய கணவர் முத்துக்குமாரு நாலு வருடத்துக்கு முன் கடலுக்குப் போனவர். படகு கரையொதுங்கியது, ஆள் கிடைக்கவில்லை. மீனாம்பிகை பொட்டை அழிக்கவில்லை.

"பிள்ளை, இதை ஒருக்காப் பார். அவர் கதைக்கிறார்" என்று போனை நீட்டினார்.

கடற்கரையில் முத்துக்குமாரு நின்றார். நீல சேட்டு. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. "மீனா, நான் சுகமா இருக்கிறன். நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். குரல் அவருடையதேதான்.

உதயகலா அதைக் கணினியில் ஏற்றி ஒவ்வொரு படமாக நகர்த்தினார். சொட்டிய தண்ணீர் மணலில் எங்கும் விழவில்லை. பின்னால் நடந்துபோன ஒரு நாய் முத்துக்குமாருவின் காலுக்குப் பின்னே போனது. மறுபக்கம் வெளியே வரவேயில்லை. அவர் கையை உயர்த்திய இடத்தில் உதயகலா நிறுத்தினார்.

"அக்கா, அண்ணைக்கு இடது கையிலை ஒரு விரல் துண்டுபட்டதெல்லோ? எஞ்சினுக்குள்ளை அம்பிட்டு?"

"ஓம்."

"இதிலை அஞ்சு விரலும் முழுசா இருக்கு. உது அவரில்லை அக்கா. ஆரோ கம்பியூட்டரிலை செய்திருக்கினம்."

மீனாம்பிகை பதறவில்லை. "ஆளையே திருப்பித் தந்த கடல், விரலைத் தராதோ?" என்று கேட்டார்.

உதயகலா, ஆறு வருடத்துக்கு முன் தானே எடுத்த ஒரு கலியாண வீடியோவைத் தேடிப் போட்டார். பந்தியில் முத்துக்குமாரு, அதே நீல சேட்டோடு, வாய் நிறையச் சோற்றுடன் சிரித்துக் கமராவை விலக்கினார். குறைவிரல் துலக்கமாகத் தெரிந்தது. மீனாம்பிகை கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போய் நெடுநேரம் பார்த்தார்.

"இது ஆர்?"

"அண்ணைதான் அக்கா. நான் எடுத்தது."

"இல்லைப் பிள்ளை. இந்த முகம் சரியில்லை. அவர் இப்பிடிச் சிரிக்கமாட்டார். இதைத்தான் ஆரோ செய்திருக்கினம்."

அவர் போன பிறகுதான் உதயகலாவுக்கு உறைத்தது. இந்தக் கலியாண வீடியோவை மார்கழியில் ஒருவர் கேட்டு வாங்கியிருந்தார். முத்துக்குமாருவின் தங்கை மகன் கஜானன், ஜெர்மனியில் இருக்கிறான். அவனை அழைத்தார்.

கஜானன் மறைக்கவில்லை. "மாமி போனிலை அழுறதைத் தாங்கேலாமல் செய்தனான் அக்கா. ஒருக்கா அனுப்பினா ஆறுவா எண்டு நினைச்சன். அவ திருப்பிக் கேள்வி கேக்கத் தொடங்கீற்றா. எனக்கு வேலை. கம்பியூட்டரே மாமாவின்ரை குரலிலை தானாப் பதில் சொல்லுற மாதிரி விட்டிட்டன்."

"அது அவவோடை என்ன கதைச்சது?"

"தெரியாதக்கா. நான் பாத்து இருவது நாளாச்சு."

இருபது நாளாக, ஒரு மனிதரும் இல்லாத இடத்திலிருந்து ஒரு குரல் அந்த வீட்டோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறது. உதயகலா அப்போதே அதை நிறுத்தச் சொன்னார். மாமியிடம் நேரே சொல்லும்படியும் சொன்னார்.

அடுத்த நாள் மீனாம்பிகையின் வீட்டில், உதயகலா பக்கத்தில் இருக்க, கஜானன் வீடியோ அழைப்பில் வந்து அழுது எல்லாவற்றையும் சொன்னான். மீனாம்பிகை கண் வெட்டாமல் கேட்டார். பிறகு மெல்லக் கேட்டார்:

"நீ கஜானன்தானோ?"

"மாமி, நான்தான் மாமி!"

"அவரும் இப்பிடித்தான் சொன்னவர்."

அவன் தான் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், தாயின் பெயர் என்று எல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல மீனாம்பிகையின் முகம் இறுகியது. போனைக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு எவருடைய அழைப்பையும் எடுக்கவில்லை.

ஆடியில் கஜானன் நேரே வந்தான். வாசல் படலையடியில் நின்றவனை மீனாம்பிகை உள்ளே கூப்பிடவில்லை. கிட்டப் போய்க் கன்னத்தைத் தடவினார், காதைப் பிடித்து இழுத்தார், வியர்வையை மணந்து பார்த்தார். பிறகுதான் அழுதார். அந்த ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முத்துக்குமாருவுக்குப் பிதிர்க்கடன் கழித்தார்கள். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அவனுடைய மணிக்கட்டை அவர் விடவேயில்லை.

உதயகலா இப்போதும் அதே ஸ்டூடியோவில்தான் இருக்கிறார். கொழும்பில் படிக்கும் மகள் மதுரா பின்னேரங்களில் வீடியோவில் அழைப்பாள். உதயகலாவின் கண் அவளுடைய காதோரத்துக்கும் மயிர் விளிம்புக்கும் போய்விடும்.

"அம்மா, நான் சொன்னது கேட்டதோ?"

"ஓம் பிள்ளை" என்பார். "தலையை ஒருக்கா மற்றப் பக்கம் திருப்பு."