ஒன்றரை வகுப்புக்காரர்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்தது ஓர் அட்டைக் கடிகாரம். சனிக்கிழமை மதியம் பால்பவுடர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, இரண்டு முள் நறுக்கினோம். நடுவில் துளையிட்டு ரிவெட் அடிப்பது என் பங்கு. மின்சாரக் கூட்டுறவில் நான் பொறியாளர். ரிவெட் எப்போதும் பையில் கிடக்கும். முள் கழன்று விழக்கூடாது, சுற்றவும் வேண்டும். முதல் தடவை இறுகிப்போனது. பிடுங்கி மறுபடி அடித்தேன்.

இந்தக் கடிகாரம் என் மகள் மேமேவுக்கு இல்லை. மேமே தன்னுடையதை முந்தின வாரமே செய்து பூவெல்லாம் ஒட்டிவிட்டாள். இது அப்பாவுக்கு. இரண்டாம் வகுப்பு, நான்காம் பருவம், கணக்கு, கடைசிப் பாடம்.

பயிற்சித்தாளில் வெறும் வட்டங்கள் ஐந்து இருந்தன. எப்போது எழுகிறாய், எப்போது சாப்பிடுகிறாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. அதற்கேற்ப முள் வரைய வேண்டும். அட்டைக் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து நான்கை வரைந்துவிட்டார். ஐந்தாவதில் சிக்கிக்கொண்டார். நீ எத்தனை மணிக்குப் பள்ளிக்குப் போகிறாய்?

"நான் எங்க பள்ளிக்கூடம் போறேன்? வருஷம் பூரா வீட்லயும் கடையிலயும் உக்காந்துதானே படிச்சேன்?"

"ஏழு மணின்னு போடுங்கப்பா. எல்லாரும் அதான் போட்டிருப்பாங்க."

"போகாத பள்ளிக்கூடத்துக்கு ஏழு மணியா?"

தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த மேமே நிமிராமலே சொன்னாள்: "லோலோ, அது காப்பி அடிக்கிறத விட மோசம்."

தாத்தாவிடம் அவள் காட்டும் கண்டிப்பை என்னிடம் கூடக் காட்டியதில்லை.

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். திங்கட்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வழக்கமாக நான்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவேன். இந்த முறை அவரே சைக்கிளில் போவார். பள்ளி வாசல் சுவரில் கடிகாரம் இருக்கிறது. அது என்ன காட்டுகிறதோ அதை அங்கேயே நின்று வரைந்து, அங்கேயே கொடுப்பார். பொய்யும் இல்லை, காப்பியும் இல்லை. மேமே யோசித்து அனுமதி கொடுத்தாள்.

எங்கள் ஊரில் அவரை நோங் லியோன், அதாவது லியோன் அண்ணன், என்பார்கள். பந்தலியோன் என்பது ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் பெயர். முடிதிருத்துபவர். கடைக்கு ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ரசம் போன இடத்தில் மாதாவின் படம். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது புயலில் பள்ளியின் கூரை போயிற்று. கூரை திரும்பி வருவதற்குள் அவர் தக்பிலாரன் நகரத்தில் தன் மாமாவின் கடையில் முடி கூட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு எந்த விண்ணப்பத்திலும் படிப்பு என்ற இடம் வந்தால், எழுதுபவரிடம் "ஒண்ணரைன்னு போடுங்க" என்பார். ஊரும் அதைப் பிடித்துக்கொண்டது. தேர்தல் முடிவை அவர் சரியாகக் கணித்துச் சொன்னாலும், ஒன்றரை வகுப்பின் கணிப்பு என்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அந்த அரை வகுப்பு அவருக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அம்மா உயிரோடு இருந்தபோது என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளிகளைப் பூட்டினார்கள். ஒவ்வொரு திங்களும் பெற்றோர் போய்ப் பயிற்சித்தாள் கட்டை வாங்கி வருவது, அடுத்த திங்கள் விடைகளோடு திருப்பிக் கொடுப்பது என்று ஏற்பாடு. மேமேவின் அப்பா கப்பல் வேலையில் இருந்தார். நான் மின்கம்பங்களின் பின்னால் அலைந்தேன். கடை மூடிக்கிடந்ததால் அப்பா மட்டும் சும்மா இருந்தார். மேமேவும் தாளும் அவரிடம் போயின.

முதல் மாதம் ஊரில் பாதி வீடுகளில் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. பிள்ளை கார்ட்டூன் பார்த்தது, பெரியவர் விடை எழுதினார். அவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு சொல்.

பத்துக்கு மேல் எங்கள் ஊரில் யாரும் சொந்த மொழியில் எண்ணுவதில்லை. எங்களை ஆண்ட ஸ்பானியர்கள் கப்பலேறிப் போய் எவ்வளவோ காலம் ஆயிற்று, ஆனால் அறுபது என்றால் இன்றும் சைசெந்தாதான். சந்தையில் அப்படி, கடிகாரத்தில் அப்படி, வயதைக் கேட்டாலும் அப்படி. பாடப்புத்தகம் மட்டும் தாய்மொழியில் இருக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்து, எந்தப் பெட்டியின் அடியிலிருந்தோ பழைய எண்களைத் தேடி எடுத்துப் போட்டிருந்தார்கள். தாளில் கேள்வி: கனுமனையும் நான்கையும் குறியால் காட்டுக.

கனோன் என்றால் சோறு. ஆகவே கனுமன் என்பது சோற்றுப் பானை என்று அப்பா முடிவு செய்தார். குறி என்றால் படம். ஆவி பறக்கும் பானை ஒன்றும், பக்கத்தில் நான்கு தட்டுகளும் வரைந்தார். நன்றாகவே வரைந்திருந்தார், பானையில் எங்கள் வீட்டுப் பானையின் நெளிவு கூட இருந்தது.

தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. "பானை அழகு. விடை 64. பி.கு.: மேமே ஏழு வயதில் இப்படிக் கோடு போடமாட்டாள் என்று நினைக்கிறேன்."

மேம் ஒலாய்வார் வகுப்பாசிரியை. அவரைத் தொலைபேசியில் அழைத்து நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அப்பா கைப்பேசியை வாங்கிக்கொண்டார். தான் குற்றவாளிதான் என்றார். ஆனால் ஒரு விண்ணப்பம். தன் இரண்டாம் வகுப்பு பாதியில் நிற்கிறது. மேமேவுக்கு ஒரு கட்டு தரும்போது தனக்கும் ஒன்று தரமுடியுமா?

மேம் கேட்டார்: "நோங், திருத்தும்போது பெரியவர்னு பார்க்கமாட்டேன். சரியா?"

"பாக்காதீங்க மேம். பெயில்னா பெயில்தான்."

அடுத்த திங்கள் இரண்டு கட்டுகள் வந்தன.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு மாணவர்கள். மேமே முழங்கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதுவாள். அப்பா எட்டிப் பார்த்தால் பென்சிலால் மேசையைத் தட்டுவாள். தாளின் அடியில் பாதுகாவலர் கையெழுத்து என்று ஓர் இடம் இருந்தது. மேமேவுக்கு அப்பா போட்டார். அவருக்கு நான் போட்டேன். மாணவருடன் உறவு என்ற கட்டத்தில் முதல் வாரம் 'மகள்' என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேம் அதன் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்து அனுப்பினார்.

கடை திறந்ததும் படிப்பும் கடைக்கு இடம்பெயர்ந்தது. கண்ணாடிக்குக் கீழே சீப்போடு தாளும் இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் பாடத்தில் மாட்டிக்கொண்டார்கள். கடன்வாங்கிக் கழித்தல் நடந்த வாரம், வாடகை டிரைசைக்கிள் ஓட்டும் பால்தோ சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். அப்பா ஒரு கையில் கத்தியோடு, நூறு இடத்திலிருந்து பத்து இடத்துக்கு எப்படிக் கடன் கொடுப்பது என்று விளக்கம் கேட்டார்.

"நோங், மொதல்ல கத்திய கீழ வைங்க. எனக்குக் காது ரெண்டுதான். கழிச்சுப் பாக்கிறது வேற எதுலயாவது வச்சுக்கலாம்."

அந்தக் கணக்கைச் சோப்பு நுரையால் கண்ணாடியில் போட்டு முடித்த பிறகுதான் பால்தோவால் வீட்டுக்குப் போகமுடிந்தது. பாதி, கால் என்ற பின்னங்கள் வந்தபோது அப்பாவுக்குச் சுலபமாக இருந்தது. தலையை நான்காகப் பிரிப்பது அவர் தினமும் செய்வது. பெருக்கல் வாய்ப்பாடு இரண்டு, ஐந்து, பத்து ஓடியது. நான்கு நொண்டியது.

ஆங்கிலம்தான் பெரிய பாடு. எங்கள் நாக்குக்கு இகரமும் எகரமும் ஒன்றுதான். வாசிப்புத் தேர்வு தொலைபேசியில். அப்பா ஒரு வாரம் முன்னதாகவே பயிற்சி எடுத்தார். முடிவெட்டும்போது 'பென்', 'பின்' என்று மாற்றி மாற்றிச் சொல்வார். அமர்ந்திருப்பவர் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். யாரும் கண்டுபிடிக்கவில்லை. தேர்வன்று 'மை பிக் இஸ் இன் த பென்' (என் பன்றி கொட்டிலில் இருக்கிறது) என்பதை 'மை பெக் இஸ் இன் த பின்' என்று அவர் வாசித்ததும் மேம் மறுமுனையில் சிரிப்பை அடக்கியது எங்களுக்குக் கேட்டது. மேமும் எங்கள் தீவுக்காரர்தானே. "நோங், என் பன்றியும் அப்படித்தான் கத்தும். பாஸ்" என்றார்.

சமூகப் பாடத்தில் ஒரு சண்டை நடந்தது. ஊருக்கு உதவுபவர்கள் என்று ஒரு பக்கம். ஆசிரியர், செவிலி, போலீஸ், மீனவர், ரொட்டி சுடுபவர், குப்பை அள்ளுபவர் எல்லாரும் இருந்தார்கள். முடிதிருத்துபவர் இல்லை. அப்பா அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. ஓரத்தில் தானே ஒருவரை வரைந்து, கையில் கத்திரி கொடுத்து, கீழே எழுதினார்: "இவர் இல்லாவிட்டால் போலீஸின் தொப்பி தலையில் உட்காராது." மேம் அதற்கு மதிப்பெண் தந்தார். ஆனால் அடுத்த பாடத்தில் ஊர் வரைபடம் வந்தபோது கடையைத் தேவாலயத்தை விடப் பெரிதாக வரைந்ததற்கு ஒரு மதிப்பெண் குறைத்தார். அப்பா ஏற்றுக்கொள்ளவில்லை. கடையில்தான் ஆள் அதிகம் என்பது அவர் வாதம்.

மூன்று பருவங்கள் தேறிவிட்டார். மதிப்பெண் அட்டை மேமேவுக்கு அரசாங்கத்தினுடையது. அவருக்கு மேம் கையால் கோடு போட்டது. நான்காம் பருவத்தில் கடைசிக் கட்டு ஒன்றுதான் பாக்கி. அதைக் கொடுத்துவிட்டால் ஒன்றரை இரண்டாகும். வரும் ஆட்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார். பால்தோ தன் டிரைசைக்கிளில் ஒலிபெருக்கி கட்டி ஊர்வலம் விடுவதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை அந்தக் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரப்பர் பாண்ட் சுற்றி, சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார். கையெழுத்துப் போடவா என்று கேட்டேன். "முடிக்காத தாள்ல எப்படிப் போடுவ? அஞ்சாவது வரைஞ்சப்புறம் போடு" என்றார். அப்படியானால் திங்கள் நானும் பள்ளிக்குக் கூட வரவேண்டும் என்றேன். வரச் சொன்னார்.

ஞாயிறு மதியம், வழக்கம்போலக் கடை நாற்காலியைச் சாய்த்துக் கண்ணை மூடினார். பால்தோ சவரத்துக்கு வந்தார். எழுப்ப மனமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. இதயம் என்றார் மருத்துவர். வலி இருந்திருக்காது என்றார். நாற்காலியின் கைப்பிடியில் அட்டைக் கடிகாரம் இருந்தது. முள் இரண்டும் கழலாமலே இருந்தன.

அப்பாவுக்கான ஒன்பது நாள் ஜெபம் முடிந்தது. மேம் ஒலாய்வார் வந்திருந்தார். எல்லாரும் காபி குடித்துப் போனபிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். மதிப்பெண் அட்டையில் நான்காம் பருவக் கட்டத்தை இன்னும் திறந்தே வைத்திருக்கிறார். ஐந்தில் நான்கு என்றால் தேர்ச்சிதான். ஆனால் தாள் கைக்கு வரவேண்டும். வராத தாளுக்கு அவர் மதிப்பெண் போடமாட்டார்.

"பெரியவர்னு பார்க்கமாட்டேன்னு சொல்லியிருக்கேன். அவரும் சரின்னுதான் சொன்னாரு" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்று காலை உறையைப் பிரித்தேன். எழுவது, சோறு, ஜெபம், தூக்கம் என்று நான்கு வட்டங்களிலும் முள் இருந்தது. ஐந்தாவது காலி. பென்சிலை எடுத்தேன். ஏழு மணி வரைய எவ்வளவு நேரமாகும்?

"அம்மா." மேமே பின்னால் நின்றாள். "நீ கையெழுத்து மட்டும் போடு. முள் போடாத. அது லோலோவோட கணக்கு."

கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன். உறையில் திரும்பப் போட்டு ரப்பர் பாண்டைச் சுற்றினேன். அது மறுபடி சைக்கிள் கைப்பிடியில் தொங்குகிறது. பின் சக்கரத்தில் காற்று இல்லை. அடித்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும்.