ஓடக்காரருக்குக் கூலி

எங்கள் அம்பத்தூர் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்த அந்த அம்மையாரை ஒருமுறைதான் பார்த்தேன். நெடிய உருவம், நரைத்த கிராப்பு. எந்தப் பிள்ளை வாய் திறந்தாலும், படித்த பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்பார்.

அன்று கிரேக்கப் புராணம். இறந்தவர்களை ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோகும் ஓடக்காரர், பிணத்தின் வாயில் வைத்த காசைக் கூலியாக வாங்குவாராம். காசில்லாதவர் இக்கரையிலேயே அலைய வேண்டுமாம். கேட்டுக்கொண்டிருந்த பதினான்கும் பச்சைப் பிள்ளைகள். இவர்களுக்கு ஏன் சாவுக் கதை என்று எனக்குப் படபடத்தது.

ஒரு சிறுமி எழுந்தாள். "எங்க நைனா போன மாசம் செத்துட்டாரு மிஸ். நெத்தில வெச்ச காச சுடுகாட்டுக்காரரு எடுத்துக்கினாரு. நைனா இன்னும் கரைலயே கீறாரா?"

புத்தகம் மூடியது.

"நம்ம ஊருக்கு அவர்தாம்மா ஓடக்காரர். கூலி வாங்கிட்டார் இல்ல? அப்பவே அக்கரைல எறக்கி விட்டிருப்பார்."

அவள் நம்பவில்லை. "ரெண்டு ரூபாதான் வெச்சாங்க. ஷேர் ஆட்டோவே இருபது கேக்குறான்."

"அந்த ஓடத்துல ராஜாவுக்கும் ஒரே காசுதான். மேல கேக்க மாட்டாங்க."

சிறுமி உட்கார்ந்து, "அப்புறம் இன்னா ஆச்சு மிஸ்?" என்றாள்.

நாற்பதுக்கும் மேற்பட்ட சாவு வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன். ஒன்றில்கூட இப்படி ஒரு வார்த்தை எனக்குச் சொல்ல வாய்த்ததில்லை.